இதோ வந்துட்டேன்

கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதி இடம் எனக்கு.
பக்கத்துக்கு நூற்றிருபது, முத்திரை தனி.
பட்டா, வாரிசுச் சான்று, ஒரு தடவை
விவாகரத்து வழக்குக்காக ஒரு காதல் கடிதம்.
தமிழில் வருவதை இங்கிலீஷில் அனுப்புவேன்.

மேசைக்கு மேலே பன்னிரண்டு கட்டம்,
கரஸ்ஸில் படித்தபோது ஸ்கெட்ச் பேனாவில் போட்டது.
காலம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் அறை நான்கு.
நடக்கிறது,
நடந்துகொண்டிருக்கிறது,
நடந்து முடிந்திருக்கிறது,
காலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறது.
எந்த வினைச்சொல்லையும்
ஏதோ ஓர் அறையில் அடைத்துவிடலாம் என்று நம்பி
அறுபத்தெட்டு மார்க் வாங்கியவள் நான்.

ஆனி மாசம், மாங்கூழ் சீசன் முடிகிற நேரம்,
வக்கீல் சம்பங்கி ஒரு போனோடு வந்தார்.
கண்ணாடி விரிந்த போன். பின்னால் மாதம்மா.
"ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ்மா.
இன்ஷூரன்ஸ்காரன் இங்கிலீஷ்ல கேக்கிறான்."

கன்வேயர் இரைச்சல்,
கிரேட் மேல் கிரேட் இறங்கும் சத்தம்,
யாரோ தெலுங்கில் யாரையோ திட்டுகிறார்கள்,
நடுவில் திம்மராயன்:
"களி கிண்டி வை. இதோ வந்துட்டேன்."

மெசேஜ் ஐந்து நாற்பத்திரண்டு.
கிரேட் அடுக்கு சரிந்தது ஐந்து ஐம்பது.
ஷிப்ட் முடிவது ஆறு.

வேலையை முடித்துவிட்டிருந்தார் என்கிறது கம்பெனி.
பாஸ்ட் பர்ஃபெக்ட். பைசா கிடையாது.
அவரே சொல்லியிருக்கிறாரே, வந்துட்டேன் என்று.
அவர்கள் ஆள் மொழிபெயர்த்த தாளில்
ஐ ஹேவ் கம் என்று இருக்கிறது,
ஒரு பிழையும் இல்லாமல்.

வந்துட்டேன்.
காவேரிப்பட்டணம் தாண்டாத டெம்போக்காரன்
ராயக்கோட்டை மேம்பாலத்தில் நிற்பவனிடம் சொல்வது.
சட்டை மாட்டாதவன்
வாசலில் ஹாரன் அடிப்பவனுக்குச் சொல்வது.
டீ என்றதும், பால் பொங்காத அடுப்பிலிருந்து
"ஆச்சுண்ணே" என்று வருமே, அதன் அண்ணன்.
நடக்காததை நடந்ததாகச் சொன்னால்
காத்திருப்பவளுக்குக் கொஞ்சம் நேரம் குறையும் என்று
எங்கள் இறந்தகாலம் ஓடி வந்து
எதிர்காலத்தின் வேலையைச் செய்யும்.
பன்னிரண்டில் அதற்கு அறை இல்லை.

ஐ ஆம் கமிங் என்று அடித்தேன்.
அதுவும் பொய். அவர் கிளம்பவே இல்லை,
கை கிரேட்டின் மேல்தான் இருந்தது.
ஐ வில் கம் என்று மாற்றினேன்.
அதில் அந்த 'இதோ' செத்துப்போகிறது.
கடைசியில் இரண்டையும் போட்டு, கீழே குறிப்பு:
தமிழில் வந்துட்டேன் என்பவர்
வந்திருக்க வேண்டியதில்லை.

"இதுக்கு ஆதாரம்?" என்றார் சம்பங்கி.
பேப்பர் எடுத்து வரச் சொல்லி
கடைப்பையன் இம்தியாஸைக் கூப்பிட்டேன்.
"வந்துட்டேங்க்கா" என்றது உள்ளேயிருந்து.
இருவரும் திரைச்சீலையைப் பார்த்தபடி இருந்தோம்.
நல்ல நேரம் இருந்தோம்.

அடுத்த பக்கம் மாதம்மாவின் வாக்குமூலம்.
கடைசி வரி: அவர் வரலை.
வரலை. அதில் காலம் எங்கே இருக்கிறது?
அன்றைக்கும் வரலை, இப்போதும் வரலை,
இரண்டுக்கும் ஒரே சொல்.
இங்கிலீஷ் விடவில்லை,
டிட் நாட்டா, ஹேஸ் நாட்டா என்று கேட்டது.
முதலாவதைப் போட்டால்
அந்தச் சாயங்காலத்தோடு முடிந்தது.
இரண்டாவதைப் போட்டால்
கதவை இன்னும் சாத்தவில்லை என்று அர்த்தம்.
வழக்குக்கு எது சரி என்று தெரியும்.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

பர்ஸின் ஜிப்பைத் திறந்தபடி அவள் கேட்டாள்,
"எவ்வளவு ஆச்சும்மா?"

இன்னும் முடிக்கல, என்றேன்.