ஒற்றைக் கையுறை: தேடல் அறிக்கை

"இல்லை" என்று சொல்வதற்குத்தான்
எனக்குக் கூலி.
தார்த்து நகரில், எமாயொகி ஆறு
உறைந்து கிடக்கும் மாதங்களில்
இரண்டாம் மாடி அறையில் உட்கார்ந்து,
பிறர் புதிதென்று கொண்டுவருவதை
உலகம் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டதா என்று
தேடிச் சொல்கிறவள்.

தௌனோ பேருந்து ஓட்டுநர்.
ஒரு சாக்குப்பை நிறையக் கையுறைகளை
என் மேசைமேல் கவிழ்த்தார்.
எல்லாம் ஒற்றை.
சிவப்பு, சாம்பல், கட்டைவிரல் கிழிந்த பச்சை,
ஒரு குழந்தையினுடையது,
உள்ளே இன்னும் மிட்டாய்த் தாள்.
"தொலைத்தவர் மிச்சமிருப்பதைப் படம் எடுக்கட்டும்,
கண்டெடுத்தவர் கிடைத்ததை எடுக்கட்டும்,
செயலி ஜோடி சேர்க்கட்டும்.
யாருக்கும் தோன்றியிருக்காது, இல்லையா?"

அந்தக் கடைசிக் கேள்வியை
வாரம் மூன்று முறை கேட்கிறேன்.

தேடத் தெரியாதவர்கள் தங்கள் சொல்லால் தேடுவார்கள்.
நான் அடுத்தவர் சொல்லால்.
கையுறை என்று தட்டினால் ஒளிந்துகொள்வது
விரல் பிரியாத குளிர்க்கவசம் என்றால் எட்டிப் பார்க்கும்.
இணை இழந்த அணிபொருள் என்று
எங்கோ ஒரு வழக்கறிஞர்
தூக்கக் கலக்கத்தில் எழுதி வைத்திருப்பார்.

இரவு பதினொன்றுக்குள் ஐந்து அகப்பட்டன.
சப்போரோவில் ஒன்று, நானூறு பேர் பயன்படுத்தி
ஒரு வசந்தத்தில் மூடப்பட்டது.
ஊலுவில் ஒரு மாணவியின் ஆய்வேடு,
நன்றியுரையில் அவள் தொலைத்த கையுறைகளின் பட்டியல்.
வினிபெக்கில் ஒரு காப்புரிமை விண்ணப்பம்,
பதினேழு பக்கம், அம்புக்குறி போட்ட வரைபடங்கள்,
இரண்டாம் தவணைக் கட்டணம் கட்டவில்லை.
நிலை: கைவிடப்பட்டது.
கையுறைக்கு இதைவிடப் பொருத்தமாய்
எந்த அலுவலகமும் எழுதியதில்லை.
மற்ற இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை.
விடுங்கள்.

மடிக்கணினியை மூடப்போகையில்
தௌனோவின் குறிப்பைத் திருப்பினேன்.
பயணச்சீட்டுச் சுருளின் கிழிசல், பின்பக்கம் பென்சிலில்:
"யாரும் கேட்டு வராதவை, ஒரு கை மட்டும் உள்ளவர்களுக்கு.
அன்னெலின் நிறுத்தத்தில் ஏறும் மர ஆலைக்காரர்
ஆண்டுதோறும் ஜோடியாக வாங்கி
ஒன்றைக் குப்பையில் போடுகிறார்."

அதைத் தேடினேன்.
சுழியம்.
சொல்லை மாற்றினேன், மொழியை மாற்றினேன்,
ஃபின்னிஷில், ஜெர்மனில்,
அரைகுறையாய்த் தெரிந்த ரஷ்யனில்.
சுழியம்.

என் தொழிலில் சுழியம் இரண்டு வகை.
யாரும் இதை நினைக்கவில்லை என்பது ஒன்று.
நினைத்தவர் வைத்த பெயர்
எனக்குத் தெரியவில்லை என்பது இன்னொன்று.
திரையில் இரண்டும் ஒரே வட்டம்தான்.

நள்ளிரவு தாண்டி, மைனஸ் பதினெட்டில்
வீட்டுக்கு நடந்தேன்.
பள்ளிக்கூட வேலியின் கம்பி முனையில்
யாரோ கண்டெடுத்துச் செருகிய நீலக் கையுறை,
விரல்கள் மேலே,
"நான்தான் முதல்ல, டீச்சர்" என்பதுபோல.

தொலைத்தவர் கண்ணுக்கு நேரே,
திறந்த வெளியில், கட்டணமில்லாமல்.
ஆனால் தேதி கிடையாது.
தேதியில்லாததைச் சான்றாகக் காட்ட முடியாது.
காட்டாமல் விடவும் மனம் வரவில்லை.
திரும்பிப் போய் ஆறாவதாக எழுதினேன்:
வேலி.

காலையில் தௌனோ உதடசைய முழுதும் படித்தார்.
வேலி வந்ததும் சிரித்தார்.
வினிபெக் பக்கத்தில் சிரிக்கவில்லை,
யாரோ தெரிந்தவர் இறந்ததுபோல்
கொஞ்ச நேரம் நின்றார்.

"அப்போ பின்பக்கம் எழுதினது என்னுடையதா?"
"வேறு யாருடையதென்று நான் கண்டுபிடிக்கவில்லை."
"ரெண்டும் ஒண்ணுதானே?"
"இல்லை."

எண்பது யூரோவை எண்ணி வைத்தார்.
பையைத் தோளில் போட்டு
வாசல்வரை போனவரைக் கேட்டேன்,
அந்த மர ஆலைக்காரருக்கு
இருப்பது எந்தக் கை?

தௌனோ நின்று
தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.
பதினோரு ஆண்டுகளாய் ஏற்றி இறக்குகிறார்.
"அது எப்பவும் கோட்டுப் பைக்குள்ளதான் இருக்கும்" என்றார்,
"இன்னைக்குக் கேட்கிறேன்."