நழுவல்

காற்றாடி அறைக்குப் பின்னால்
மின்தடைப் பெட்டிகள் பதினாறு வரிசை.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
உள்ளே, தொப்பியைக் கழற்றிவிட்டு
உப்புத் தேநீர் குடிக்கலாம்.

தார்ஹான் பக்கத்து இந்தச் சிமெண்ட் ஆலையில்
இரவு ஷிப்டின் கம்பளிப் பூட்சுகள் எல்லாம்
அங்கேதான் காய்ந்தன.
சோக்சொல்மா குழந்தையின் துணிகளைக்கூட
கம்பி வலைமேல் விரித்திருப்பாள்.
பாதுகாப்பு அதிகாரியின் காலடி கேட்டால்
துணி மடிக்குள் போய்விடும்,
சூடு ஆறாமல்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று
யாரும் கேட்டதில்லை.
நான் கேட்டேன்.
கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மோட்டாருக்குள் காந்தப்புலம்
நிமிடத்துக்கு ஆயிரம் முறை சுற்றுகிறது.
சுழலி எண்ணூற்று இருபது.
எட்டிப் பிடித்துவிட்டால் விசையே இல்லை.
பின்தங்கினால்தான் இழுக்கும்.
வேகத்தைக் குறைக்க
இன்னும் பின்தங்க வைக்க வேண்டும்.
அந்தப் பின்தங்கல்தான்
நழுவு வளையங்களில் ஏறி
கார்பன் பிரஷ்களை உரசி வெளியே வந்து
இருபத்தாறு வருடமாய்
பெட்டிகளில் எரிந்துகொண்டிருந்தது.

ஜனவரியில் புது அலமாரிகளைப் பொருத்தினோம்.
டயோடுகள், ஆளுயர சோக் சுருள்,
தைரிஸ்டர்கள், கடைசியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.
தொண்ணூறு பாகையைத் தாண்டி
கோணத்தைத் திருப்பத் திருப்ப
நழுவியதெல்லாம்
வந்த வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு
மின்கம்பிக்கே திரும்பிப் போனது.
மீட்டரில் நூற்று அறுபது கிலோவாட்.
மேலாளர் கான்குயாக் கைதட்டினார்.
பவர் ஃபேக்டர் விழுந்ததைச் சொன்னேன்.
அடுத்த மாதம் பேசலாம் என்றார்.

காற்றாடி ஒரு சுருதிகூடப் பிசகவில்லை.
சூளைக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாம் நாள்
மின்தடை அறைக் கதவின் உட்புறம்
வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
ஓர் உறைபனி, இலை இலையாக.
வலைமேல் ஒரு சின்னஞ்சிறு சட்டை
கைகளை விரித்தபடி
பலகையாய் விறைத்திருந்தது.
தட்டினால் சத்தம் வந்தது.
கெட்டிலை எடுத்துக்கொண்டு
எல்லாரும் கிரேன் அறைக்குப் போயிருந்தார்கள்.
யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை,
வணக்கம்கூட.

ஸ்டோரில் கெஞ்சி
ஒரு ஹீட்டர் வாங்கி வந்து மாட்டினேன்.
சோக்சொல்மா குனிந்து
அதன் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"எவ்வளவு எடுத்துக்கிட்டே?"
"நூற்று அறுபது."
"இது?"
"ரெண்டு."

சட்டையை அதன் முன்னால் நிறுத்தினாள்.
ஆமாம், நிறுத்தினாள். அது நின்றது.
பிறகு மெல்ல,
முதலில் ஒரு கை, பிறகு கழுத்து,
தளர்ந்து அவள் விரல்களில் சரிந்தது.

கணக்கேட்டில் அந்த இரண்டை
எந்தப் பத்தியில் எழுதுவது?
மீட்பு, இழப்பு என்று
இரண்டே பத்திகள்தான் அச்சாகியிருந்தன.
பேனாவில் மை உறைந்திருந்தது.
உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து
உருட்டிக்கொண்டே இருந்தேன்.