காணவில்லை

மூன்றாம் தடவையும் அதே வரியில் நின்றது.
ஒரு தலைப்புக் கோப்பின் பெயர்,
பக்கத்தில் "காணவில்லை."

கொட்டியாரக் குடாவின் வற்றுப்பெருக்கைக் கணிக்கும் நிரல்.
ஒரு முழம் ஏறி இறங்கும் கடலுக்கு
இவ்வளவு பாடு.
மூலத்திலிருந்து தொகுத்தால்தான்
கடையிலுள்ள இந்தப் பழைய மெஷினில் ஓடும்.

நூலகம் இருக்கிறதே என்றேன்
கிண்ணியாவுக்கு அழைத்து.
ஷிஹாரா சிரித்தாள்:
"ஆள் வீட்டுக்குள்ளதான் இரிக்காரு,
கதவில நம்பர்தான் இல்ல.
டெவ் பொதியையும் இறக்கு."

இறக்கினேன். அது இன்னொன்றைக் கேட்டது.
இன்னொன்றோ
என்னிடமிருந்த பதிப்பைப் பழசு என்று தள்ளியது.
கடன் வாங்கப் போன வீட்டில்
என்னிடமே கைமாற்றுக் கேட்டது போல.

டேட்டா தீர்ந்தது.
ரீலோட் போட டொக்யார்ட் வீதிக்கு இறங்கினால்
வாசலில் ஒரு புள்ளிமான்,
மொனிட்டர் வந்த அட்டைப்பெட்டியை
நிதானமாய்த் தின்றபடி.
அதன் காடு எது என்று
இந்த ஊரில் யாரும் விசாரிப்பதில்லை.

பதினொன்றேகாலுக்கு வரிகள் நிற்காமல் ஓடின.
எச்சரிக்கை நாற்பத்தியொன்று, பிழை இல்லை.
நாளைய வற்று: பன்னிரண்டு பத்து.

பன்னிரண்டு பத்தா?

கிறீனிச் நேரம்.
நேரவலயக் கோப்பையும் காணவில்லை.

இனி யாரையும் எழுப்ப மனமில்லை.
ஐந்தரை மணித்தியாலத்தை
விரலில் கூட்டி
ஐந்து நாற்பது என்று
படகுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன்.