காஸெல்காரரின் திருகாணி

இந்தக் காருக்கு மின்சாரத்தில் பூட்டத் தெரியாது.
மூச்சை உள்ளே இழுத்துப் பூட்டும்,
வெளியே விட்டுத் திறக்கும்.
பின்சீட்டுக்கு அடியில்
பஞ்சு சுற்றிய ஒரு பம்பு.
அதிலிருந்து சேமியா போலக் குழாய்கள்,
நான்கு கதவுக்கும் டிக்கிக்கும்.

முப்பத்து மூன்று வயது மெர்சிடிஸ்.
காஸெல் நகரத்தில் யாரோ ஓட்டி அலுத்து
என் கொழுந்தன் ஓட்டி அலுத்து
ஷ்கோடருக்கு வந்தது, என்னிடம்.

மூன்று வாரமாகச் சாவியைத் திருகினால்
பம்பு முனகுகிறது,
முனகிக்கொண்டே இருக்கிறது,
நாற்பது எண்ணுவதற்குள் ஓய்ந்துபோகிறது.
குமிழ்கள் அரைவணக்கம் வைத்துவிட்டு
மறுபடி நிமிர்ந்துகொள்கின்றன.

உள்ளே திருட என்ன இருக்கிறது?
ஒரு ஜோடிச் செருப்பு, பாதி மூட்டை வெங்காயம்.
ஆனாலும் இரவு ஷிப்டில்
ஊசி போடும்போதெல்லாம்
வாசலில் திறந்து கிடக்கும் ஐந்து வாய்கள்
நினைவுக்கு வந்தன.

புதுப் பம்புக்கு மெக்கானிக் சொன்ன விலையை
அவன் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை.
கதவுகளின் அட்டையைக் கழற்றிச் சாய்த்து
ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தேன்.
எங்கே வைத்தாலும் அதே முனகல்.
நெஞ்சுச் சளிக்காரர்கள்கூட
இத்தனை ஏமாற்றியதில்லை.

எதிர்வீட்டு பாஷ்க் காபிக் கோப்பையோடு வந்தார்.
"விற்றுவிடு, திலா" என்றார்.
இது போன வாரமும் சொன்னதுதான்.
சிகரெட் பற்றவைத்து
இடப்பக்கப் பின்கதவில் சாய்ந்து
தன் மருமகனைப் பற்றி ஆரம்பித்தார்.

நான் சாவியைத் திருகினேன்.
பம்பு இழுத்தது.
மேலே போய்க்கொண்டிருந்த புகை
சட்டென்று தயங்கி
வளைந்து
கதவுக்குள் போயிற்று.

"அசையாதீர்கள்!"
அவர் அசையவில்லை. மருமகனும் பாதியில் நின்றார்.

கையை விட்டுத் துழாவினேன்.
குழாய் வெடித்திருக்கவில்லை.
யாரோ கத்தியால் நேராக அறுத்து
வாயில் ஒரு திருகாணியைச் செருகி
மேலே மருத்துவப் பிளாஸ்திரி சுற்றியிருந்தார்கள்,
மூன்று சுற்று, நுனியை மடித்து,
பிறகு பிரிக்கச் சுலபமாக இருக்கும்படி.
நானும் அப்படித்தான் மடிப்பேன்.
பசை காய்ந்து, திருகாணி தளர்ந்து
அந்த இடுக்கில்தான் கார்
மூன்று வாரமாக மூச்சு வாங்கியிருக்கிறது.

யார் இப்படிச் செய்வார்கள்,
நல்ல குழாயை வெட்டி?
பாஷ்க்கிடம் நான்கு விடைகள் இருந்தன,
நான்கிலும் கடத்தல்காரர்கள்.

திருகாணியைப் பையில் போட்டேன்.
சலைன் குழாயில் ஒரு விரலளவு நறுக்கி
இரு முனைகளையும் சேர்த்தேன்.
ஓட்டுநர் கதவை மூடிவிட்டு
மறுபக்கம் வந்து
குமிழை அமுக்கிக் கதவைச் சாத்தினேன்.

ஒரே ஒரு இழுப்பு.
டக்.
ஐந்தும் ஒன்றாக.
டிக்கியின் டக் மட்டும்
கொஞ்சம் கனமாக.
பாஷ்க் கோப்பையை உயர்த்தினார்.
நான் இடுப்பில் கைவைத்து நின்றேன்,
ஊரே பார்க்கட்டும் என்று.

பிறகு கண்ணாடி வழியே பார்த்தேன்.
சாவி அதன் துளையில்,
நான் கடைசியாகத் திருகிய இடத்தில்,
தோல் வளையம் இன்னும் லேசாக ஆடிக்கொண்டு.

ஒன்றரை மணி நேரம்.
துணி காயப்போடும் கம்பி, ரப்பர் விளிம்பு,
ஏரிப்பக்கமிருந்து வந்த மழை.
பாஷ்க் ஒரு மூட்டை யோசனையும்
குடையும் பிடித்தார்,
குடை பெரும்பாலும் தன் தலைக்கு மேல்.

நனைந்தபடி ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தபோது
இடப்பக்கப் பின்கதவின் பிடியில்
கை நின்றது.
அந்த ஒரு பிடி மட்டும்
வெள்ளி தேய்ந்து மழுங்கியிருந்தது.
எத்தனை முறை நின்றிருப்பார் இங்கே
அந்தக் காஸெல்காரர்,
சாவியை உள்ளே பார்த்தபடி,
தன்னையே திட்டிக்கொண்டு,
பிறகு ஒருநாள் கத்தியும் திருகாணியுமாக வரும்வரை.

கம்பி கடைசியில் குமிழைக் கவ்வியது.

சலைன் குழாயைக் கழற்றிவிட்டேன்.
திருகாணியைத் துடைத்து
இறுக்கச் செருகி
புதுப் பிளாஸ்திரி, மூன்று சுற்று,
நுனியை மடித்தேன்.

இப்போது நான்கு வாய்கள் ஒரே மூச்சில் மூடுகின்றன.
ஐந்தாவது எதுவென்று
பாஷ்க்குக்குத் தெரியும்,
ஆகவே தெருவுக்கே தெரியும்.
வெங்காயத்தை மட்டும் டிக்கிக்கு மாற்றிவிட்டேன்.