படிவத்தின் நான்காம் பக்கம்

உங்களை நன்கறிந்த மூவரின் பெயர், முகவரி
என்று கேட்கிறது ஓல்டன் நகரசபை.
முப்பத்தெட்டு வருஷமாய் இந்தப் புகாருக்குள் இருக்கிறேன்,
எங்கள் தமிழில் அது மூடுபனி, முறைப்பாடு அல்ல.
இப்போதுதான் கேட்கிறார்கள்
நான் எப்படிப்பட்டவன் என்று.

மகள் சொல்கிறாள்:
பல் வைத்தியரைப் போடுங்கோ அப்பா,
கீழ்வீட்டு வீஸ் அம்மாவைப் போடுங்கோ,
பஸ் டிப்போவில உங்கட மேலாளர்.
மூண்டு வரி. முடிஞ்சுது.

முடியவில்லை.
என்னை அறிந்தவர்கள்
ஆறு கட்டிலுக்கு ஒன்பது பேராய்
ஆரே ஆற்றங்கரை வீடொன்றின் மேல்மாடியில் இருந்தார்கள்.
வேலைக்குப் போனவனின் சூடு ஆறுமுன்
வேலை முடிந்தவன் வந்து படுப்பான்.
அந்த வீட்டை இடித்து வங்கி கட்டியாயிற்று.

அருமைத்துரை.
எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, பத்தொன்பது.
அவனுடைய கேஸ் தள்ளுபடியான கடிதம் வந்த அன்று
சமையல் முறை அவனது.
வாசித்தான். நாலாய் மடித்தான்.
உப்புப் போத்தலுக்கு அடியில் வைத்துவிட்டு
வெங்காயம் வெட்டினான்.
அன்று குழம்பில் உப்புச் சரியாய் இருந்தது.
கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் சொன்னான்.
இன்றைக்கும் எனக்கு ஏதாவது இடிந்து விழுந்தால்
முதலில் கையில் இருக்கும் வேலையை முடிக்கிறேன்.
கல்நெஞ்சன் என்கிறாள் மனைவி.
இல்லை, அது அருமைத்துரை.

மிலித்சா, ரயில் நிலையச் சாப்பாட்டுக்கடையின் பின்புறம்,
எனக்கு அடுத்த தொட்டி.
யூகோஸ்லாவியாக்காரி; அந்த நாடே இப்போது இல்லை.
நாற்பது நிமிஷக் கூலியை வெட்டினார்கள், இருவருக்கும்.
தன் பாஷையில் கத்தினாள், பிறகு அவர்கள் பாஷையில்,
பிறகு ஒரு தட்டை எடுத்து
மெதுவாக நிலத்தில் வைத்தாள், உடைக்காமல்.
அதற்குத்தான் பயந்தார்கள்.
கூலி வந்தது, எனக்கும்.
நான் சுவரோடு நின்று
கரண்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.
டிப்போவில் யாராவது ஒரு பெடியனை அதட்டும்போது
அந்தக் கரண்டியை வைத்துவிட்டுத்தான்
வாய் திறக்கிறேன்.

இரவில் பாடுகிற ஒருவன் இருந்தான்.
பெயர் மறந்துவிட்டது, குரலும் மோசம்.
அவனிடமிருந்து நான் எதையும் எடுக்கவில்லை.
இருந்தாலும் இருந்தான்.

பிறகு குலவீரசிங்கம்.
எழுத வந்ததே இவனைத்தான் என்று
பேனைக்கு முதலே தெரியும்.
என் தம்பியை ஏஜென்சிக்காரன்
நடுவழியில் இருத்தி வைத்திருந்தபோது
அறுநூறு பிராங் தந்தான், எண்ணாமல்.
திருப்பிக் கேட்ட அன்று
அறையில் சொன்னேன்: வட்டி கேட்கிறான்.
அவன் கேட்கவில்லை.
மற்றவர்கள் நம்பினார்கள்.
அவன் என்னைப் பார்த்தான், மறுக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை
பாயைச் சுருட்டிக்கொண்டு போனான்.

காசை அனுப்பினேன், இரண்டு தடவையாய்.
சொல்லை அனுப்ப முடியவில்லை.

பதினொரு வருஷம் கழித்து ஏழாம் மேடையில் கண்டேன்,
எதிர்த்திசை ரயிலில், ஜன்னலோரம், கண்ணாடி போட்டிருந்தான்.
கையைத் தூக்கினான்.
வணக்கமா, போதும் என்றானா.
இந்த நாட்டில் ரயில் காத்திராது.

அதற்குப் பிறகு நான் பொய்யே சொன்னதில்லை
என்று எழுதினால் அதுவும் ஒன்று.
ஆனால் நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம்
சுருட்டிய பாய் ஒன்று வாசலால் வெளியே போகிறது.

இங்கே தண்டவாளத்தருகே ஒரு கல் நிற்கிறது,
ஒரு காலத்தில் தூரமெல்லாம் அதிலிருந்து அளந்தார்களாம்.
என்னையும் யாராவது அளப்பதென்றால்

அப்பா, எழுதியாச்சா?

அவனுடைய முகவரி என்னிடம் உண்டு.
வின்டர்தூர். தொலைபேசி இலக்கம்கூட.
நகரசபை கேட்டால் உண்மையைச் சொல்வான்,
அல்லது அன்றுபோலவே
ஒன்றும் சொல்லமாட்டான்.
எது மோசம் என்று தெரியவில்லை.

பல் வைத்தியரின் பெயரை எழுதினேன்.
அவருக்கு என் வாயைத் தெரியும்.