மூன்றாவது சீட்டு

சங்ககிரி எடைமேடை.
முன்சக்கரங்களை மட்டும் ஏற்றச் சொன்னார்
சென்னியப்பன்,
பிறகு முழு வண்டியை.

"பின்னால எரநூறு கிலோ சாஸ்திங்க.
திம்பத்துல மூக்கைத் தூக்கும்."

பேட்டரியை நகர்த்தினேன்.
பாதித் தண்ணீரை வேப்பமரத்துக்கு விட்டேன்.
அரிசி மூட்டை ஓட்டுநர் முதுகுக்கு வந்தது.
ஓவர்லாக் மிஷினை
மூச்சுப் பிடித்து முன்னுக்கு இழுத்தேன்.
சண்டையே அதில்தான்,
வீடா, பனியன் கம்பெனியா என்று கேட்டுவிட்டேன்.

இரண்டாவது சீட்டு.
"இன்னும் அம்பது குறையோணுமுங்க."

எலச்சிபாளையத்திலிருந்து
பின்கட்டிலில் சுவர்பார்த்துப் படுத்திருந்தாள்
தெய்வானை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

எழுந்து வந்து
முன்சீட்டில் உட்கார்ந்தாள்.
பெல்ட்டை மாட்டினாள்.
"எம்பட எடை அம்பத்தாறு"
என்றாள், கண்ணாடியிடம்.

மூன்றாவது சீட்டுக்கும்
அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார்
சென்னியப்பன்.