மூன்றாம் கழுவல்

பதினோரு கல்யாணத்து எண்ணெய்
கவுந்தப்பாடி மண்டபத்திலிருந்து
டின் டின்னாக வந்து நிற்கிறது.
வடைத் துணுக்கு, கருகிய அப்பளம்,
எவரோ தவறவிட்ட ஒரு சேஃப்டி பின்,
எல்லாம் பழைய வேட்டியில் தங்கிவிடும்.
தங்காதது புளிப்பு.
அதை அளந்தாக வேண்டும்.

பெருந்துறைச் சாயப்பட்டறைச் சோதனைக்கூடத்தில்
நாளெல்லாம் சிவப்பும் கருநீலமும்
பார்த்துவிட்டு வருகிறவன் நான்.
இங்கே வேண்டியது
சொட்டுச் சொட்டாய் விட்டு
அரை நிமிஷம் கலையாமல் நிற்கும்
ஒரே ஒரு வெளிறிய ரோஸ்.
எத்தனை காரம் என்பதை
அந்தச் சொட்டுகளின் கணக்கு சொல்லும்.

மெத்தனால் கலக்கும் ஞாயிற்றுக்கிழமை
வீட்டில் அடுப்பு கிடையாது.
வேப்பமரத்துக்கு அக்கட்டால்
கையுறையோடு நான்.
கேட்டுக்கு வெளியே நின்று
பொட்டலம் பிரித்துப் புரோட்டா தின்பாள் சம்பூர்ணம்.
"வண்டி என்ற பேர்ல இருக்குதுங்க.
இஞ்சின் போச்சுன்னா நீங்கதான் தள்ளோணும்."

விடிவதற்குள்
கிளிசரின் கருந்தேனாய் அடியில் இறங்கிவிடுகிறது.
மேலே நிற்கும் பொன்னிறத்தைப் பார்த்து
ஏமாந்தவன் நான்.
போன தை மாசம் அவசரம்,
ஒரே கழுவலோடு ஊற்றிவிட்டேன்.
கண்ணுக்குத் தெரியாத சோப்பு
ஃபில்டரில் கட்டிக்கொள்ள
திம்பத்தின் ஒன்பதாவது வளைவில்
முப்பது மூட்டை நாட்டுச் சர்க்கரையோடு
இருமி நின்றது வண்டி.
பக்கத்தில் யானைச் சாணம்
ஆவி பறக்கக் கிடந்ததாம்.
அதை மூன்று நாள் கழித்துத்தான் சொன்னாள்,
தோசையைத் திருப்பியபடி.

அதற்கப்புறம் சட்டம் அவளுடையது.
மூன்று தரம் தண்ணீர் காட்ட வேண்டும்.
முதல் தரம் குலுக்கக் கூடாது,
தூறல் மாதிரி விழ வேண்டும்.
கடைசித் தண்ணீர்
வந்த மாதிரியே போக வேண்டும்.
பிறகு சூடாக்கி, ஈரம் போக்கி, ஆறவிட்டு
ஒரு பாட்டிலில் பிடித்து
அதன் பின்னால் கல்யாணப் பத்திரிகை ஒன்றை வைத்துப் பார்ப்பாள்.
அதே மண்டபத்து முகூர்த்தம்.
"மாப்பிள்ளை பேரு தெரியுதுங்க.
கீழ பொடியெழுத்துல படிப்புப் போட்டிருக்குது,
அது மங்கலா இருக்குது.
இன்னொருக்கா சுட வையுங்க."
சண்டை போட்டேன்.
சுட வைத்தேன்.

இன்று பத்தேகால் மணிக்கு போன்.
எடுத்தால் பேச்சில்லை.
பானெட் மேல் வைத்துவிட்டாள் போலிருக்கிறது.
ஆசனூர்க் காற்றுக்கு நடுவே
நின்ற இடத்தில் ஓடும் இஞ்சின்,
ஒரு தட்டுகூடப் பிசகாமல்.
குழாயைப் பிடித்தபடி
கேட்டுக்கொண்டே நின்றேன்.
கையிலிருந்த குடுவையில்
ரோஸைத் தாண்டிச் சிவந்துவிட்டது
யாரோ போடப்போகும் பனியன்.